நாற்காலியில் கடந்த கோட்டாற்றுச் சந்து

கன்னியாகுமரிக்கு நான்கு முறை போயிருக்கிறேன். நான்கு முறையும் நாகர்கோவில் எனக்கு ரயில் ஜன்னலோடு சரி. சென்ற ஜூனில் ஒன்பது நாள் விடுப்பு கிடைத்ததும், ஓட்டல் வேண்டாம், ஊருக்குள் கோட்டாறு சந்தைப் பகுதியிலேயே ஒரு வீட்டில் தங்கிப் பார்ப்போம் என்று திருச்சியிலிருந்து கிளம்பினேன். பழைய வீடுகளைப் படம் எடுப்பது எனக்கு ஒரு பித்து. அலுவலகத் தோழியின் உறவினர் தங்ககனி அக்கா வீட்டில் மாடியறை கிடைத்தது. நாளுக்கு 600 ரூபாய்.

காலை 6.20க்கு ரயில் நிலையத்தில் இறங்கினேன். ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு ஆட்டோ 70 ரூபாய். சந்து முனையில் ஓட்டுநர் நிறுத்திவிட்டார். “இனி நடந்துதான் போணும். வண்டி உள்ள கேறாது.”

சந்து நான்கடி அகலம். பதினொரு வீடுகள், மளிகைச் சரக்கு அடுக்கும் இரண்டு கிட்டங்கிகள். அக்கா வீட்டின் மாடி முகப்பில் தேக்கில் பூக்கொடி செதுக்கியிருந்தார்கள். பையைக்கூட இறக்கி வைக்காமல் பத்துப் படம் எடுத்தேன். “இதை மட்டும் இடிச்சிடாதீங்க அக்கா” என்றேன். அவர் சிரித்தார்.

“இடிக்கணும்னுதான் தெருவே நிக்கு, மக்கா. வீட்டுக்கு ரெண்டடி விட்டா சந்து அகலமாவும். பத்து வீட்டுக்காரங்க சம்மதிச்சாச்சு. எனக்குத்தான் மனசு வரல்ல.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

முதல் நான்கு நாட்கள் அருமையாகப் போயின. ஐந்து மணிக்கே லாரிச் சத்தம் எழுப்பிவிடும். ஏழு மணிக்குக் கடியப்பட்டணத்து மீன்காரம்மா குரல் கேட்கும். சுசீந்திரம் ஆறு கிலோமீட்டர், பஸ்ஸில் இருபது நிமிடம். மதியம் வந்து மாடியில் உட்கார்ந்தால் எதிர்வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் தெரிந்துவிடும்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணி. பக்கத்துக் கிட்டங்கியில் மிளகாய் வத்தல் இறக்கும்போது ஒரு மூடை கிழிந்து கொட்டியது. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த நெடி நேரே நெஞ்சில் ஏறியது. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. இன்ஹேலரை அழுத்தினேன், வெறும் காற்றுதான் வந்தது. கிளம்பும் முன் பார்க்காதது என் தப்பு. கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பேச வாய் வரவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கத்தினார். “பீரண்ணே, ஓடி வாருங்க!”

மூடை தூக்கிக்கொண்டிருந்த பீரண்ணன் ஓடிவந்தார். அடுக்களையிலிருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, அவரும் இன்னொரு சுமைத்தொழிலாளியும் தூக்கினார்கள். “ஏலே, பைக்க மாத்துங்கடே!” என்று முன்னால் ஒரு குரல் போனது. வீட்டுக்கு வீடு ஆள் வந்து பைக்கை, குடத்தை, சைக்கிளை உள்ளே இழுத்தார்கள். ஒரு இடத்தில் மின்கம்பம் பாதி வழியை அடைத்திருந்தது. அங்கே நாற்காலியைத் தலைக்கு மேல் சாய்த்துத் தூக்க வேண்டியிருந்தது. “பேடிக்காத மக்கா, பைய மூச்சு விடு” என்று அக்கா என் காலைப் பிடித்தபடியே வந்தார்.

முனையில் ஆட்டோ தயாராக நின்றது. மூன்று கிலோமீட்டர். ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். மதியத்துக்குள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தேன்.

அக்கா கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

“போன வருஷம் எதுத்த வீட்டு அண்ணாச்சிய இதே போலத்தான் தூக்கினோம், கேட்டியா. முனைக்குப் போவதுக்குள்ள போயிட்டாரு. அப்பவும் நான் சம்மதிக்கல்ல. நல்ல மரவேலையாச்சேன்னு நெனச்சேன்.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “நானும் அதையேதானே சொன்னேன் அக்கா” என்றேன்.

“நீ வந்து பாத்துட்டுப் போறவ. நான் இங்க கெடக்கவ” என்றார். குரலில் கோபமே இல்லை. மறுநாள் காலை இரண்டடி விட்டுத்தரச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மிச்ச நாட்களில் குழித்துறை, தேங்காய்ப்பட்டணம் எதற்கும் போகவில்லை. சந்திலேயே இருந்தேன். மற்ற பத்து வீட்டிலும் ஏறி நன்றி சொன்னேன். எல்லா வீட்டிலும் காப்பி குடிக்க வைத்தார்கள். பீரண்ணனிடம் சொல்லப் போனபோது, “வத்தல் மூடையவிட நீங்க கனம் கொறவுதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த மூடைக்குக் குனிந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூனில் குடை அவசியம். சந்தையைப் பார்க்கக் காலை ஆறிலிருந்து எட்டு வரை நல்ல நேரம். இழுப்பு உள்ளவர்கள் வத்தல் கிட்டங்கிப் பக்கம் போகாதீர்கள், இரண்டு இன்ஹேலர் வைத்திருங்கள். அழகான பழைய வீட்டைக் கண்டால் படம் எடுங்கள், ஆனால் அதை வைத்துக்கொள்ளச் சொல்லும் முன் உள்ளே இருப்பவர்களிடம் இரண்டு வார்த்தை கேளுங்கள். நான் தங்கிய அறை இப்போது கிடையாது. முகப்போடு அதுவும் போய்விட்டது.

போன வாரம் அக்கா போன் செய்தார். பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, “இரு, இதக் கேளு” என்று போனை வெளியே நீட்டினார். இன்ஜின் சத்தம், பிறகு ஹாரன்.

“ஆட்டோ, மக்கா. நம்ம வாசல்ல நிக்கு.”