லேசர் அடிக்காத முகம்

இருபத்தெட்டு வயதில் முகத்தில் பரு வந்தால் அதைப் பரு என்று யாரும் நம்புவதில்லை. உடம்புச் சூடு, நித்திரைக் குறைவு, கல்யாணம் ஆகாத கவலை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எனக்குத் தாடையோரமும் கன்னங்களிலும் கட்டி கட்டியாக வந்து, உடைந்து, குழியை விட்டுவிட்டுப் போயின. பாடசாலை ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. நான் சோதனைக் குழாயைத் தூக்கிக் காட்டும்போது பிள்ளைகள் குழாயைப் பார்க்காமல் என் தாடையைப் பார்ப்பதாகவே எனக்குத் தோன்றும்.

கொக்குவிலில் எங்கள் வீட்டிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி, ஓர் அழகு நிலையத்தின் மாடியில் லேசர் சிகிச்சை தொடங்கினார்கள். அம்மாதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். படியேறும்போதே எனக்குச் சந்தேகம். பெயர்ப்பலகையில் ஒரு வைத்தியரின் பெயரும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த ‘முன்’, ‘பின்’ படங்களில் ஒரு பெண்ணுக்கு முன் படத்தில் மச்சம் இடக் கன்னத்தில் இருந்தது. பின் படத்தில் வலக் கன்னத்துக்குப் போயிருந்தது. அம்மாவின் காதில் சொன்னேன். படம் திரும்பி விழுந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே இருந்த பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கொழும்பில் படித்ததாகச் சொன்னார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார். இரண்டு கிழமைக்கு ஒரு தடவையாக ஆறு தடவை லேசர். இரவில் பூச ஒரு கிறீம். கிறீம் லேபல் ஒட்டாத வெள்ளை டப்பியில் இருந்தது.

“உதுக்குள்ளை என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“பயப்பிடாதேங்கோ தங்கச்சி. லேசர் அடிச்ச சூட்டை ஆத்துறதுக்குத்தான். வேலை செய்யிறது லேசர்.”

கண்களுக்குக் கறுப்பு மூடி போட்டுப் படுக்கவைத்தார்கள். இறப்பர் வளையத்தை இழுத்து விட்டதுபோலத் தோலில் சுள், சுள்ளென்று பட்டது. மூன்றாவது தடவை போகமுன்னமே முகம் தெளிந்துவிட்டது. எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு வருசமாகப் போகாத பரு நாலு கிழமைக்குள் போனது என் மனதுக்குச் சரியாகப் படவில்லை.

ஆய்வுகூடத்துப் போத்தல்களுக்குச் செய்வதுபோல டப்பியை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே தெரிந்த கிறீமின் மட்டத்துக்கு வெளிப்பக்கத்தில் பேனையால் கோடு போட்டு வைத்தேன். நான் எடுப்பதைவிட வேகமாகக் கிறீம் இறங்கியது. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

அம்மாவின் கன்னங்களில் பல வருசமாகக் கருமை படர்ந்திருந்தது. அதைப்பற்றி அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. அதனால் நானும் கவனித்ததில்லை. இப்போது முற்றத்து வெயிலில் அவர் உடுப்புக் காயப்போடும்போது பார்த்தேன். கருமை வெளுத்திருந்தது.

“அம்மா, என்ரை கிறீமை நீங்கள் பூசுறனீங்களோ?”

முதலில் இல்லை என்றார். நான் டப்பியைக் கொண்டுவந்து கோட்டைக் காட்டினேன். கையிலிருந்த சீலையைக் கொடியில் நேராக இழுத்துவிட்டுச் சொன்னார்: “எனக்கும் முகம் இருக்கெல்லே, பிள்ளை.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு நடுவிலும் மண்டை வேறொரு கணக்குப் போட்டது. அம்மாவுக்கு யாரும் லேசர் அடிக்கவில்லை. அப்படியென்றால் என் முகத்தைத் தெளிய வைத்ததும் லேசர் இல்லை, கிறீம்தான்.

மாடிக்குப் போய்க் கேட்டேன். அம்மாவின் தோல் இயல்பிலேயே நல்ல தோல் என்று அந்தப் பெண் சொன்னார். டப்பிக்குள் என்ன என்று திரும்பக் கேட்டதற்கு அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார். அதோடு அங்கே போவதை நிறுத்தினேன்.

அடுத்த கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு, டப்பியையும் எடுத்துக்கொண்டு அரச ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போனேன். களைத்துப்போன முகத்தோடு ஒரு பெண் வைத்தியர். அம்மாவின் கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, மெல்லிய சிவப்பு நரம்புகளை எனக்குக் காட்டினார். சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கடுமையான ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது என்றுதான் நினைப்பதாகச் சொன்னார். இருவரும் அன்றைக்கே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் சில கிழமைக்கு முகம் முன்னையைவிட மோசமாகும். எனக்குக் குளிசையும், இரவில் பயறளவு பூச ஒரு ஜெல்லும் எழுதினார். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும் என்றார்.

மோசமாக்கித்தான் சுகப்படுத்துவோம் என்று சொல்பவரை எப்படி நம்புவது? பத்தாம் நாள் முகம் தீயாய் எரிந்தது. சிவந்து, வீங்கி, பழைய கட்டிகளோடு புதியவையும் வந்தன. வைத்தியருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டினேன். ஒருமுறை பூசினால் எரிவு அடங்கும் என்று அலுமாரியில் டப்பியைத் தேடினேன். காணவில்லை. நேரே அம்மாவிடம் போனேன். அவர் முகமும் சிவந்து உரிந்துதான் இருந்தது.

“ஒளிச்சு வச்சுப் பூசுறியளோ?”

“கக்கூசுக்கை கொட்டிப்போட்டன்,” என்றார் அம்மா. “உன்னை நம்பாமல் இல்லை. எனக்கு என்னிலை நம்பிக்கை இல்லை.”

அன்று பின்னேரம் ஈரத் துணியை முகத்தில் போட்டபடி இருவரும் விறாந்தையில் இருந்தோம். அதன் பிறகு அம்மாவை நான் சந்தேகப்படவில்லை. வைத்தியரைத்தான் இன்னும் இரண்டு மாதம் சந்தேகப்பட்டேன்.

நாலாம் மாதம் புதிதாகப் பரு வருவது நின்றது. அம்மாவின் கருமை பாதிக்கு மேல் திரும்பி வந்தது. அவர் இப்போது தொப்பி போட்டுக்கொண்டு உடுப்புக் காயப்போடுகிறார்.

குழிகள் மட்டும் எனக்கு மிஞ்சின. அவற்றுக்கு லேசர் செய்யலாம் என்று அதே வைத்தியர் சொன்னபோது எழுந்து போகலாமா என்று நினைத்தேன். ஆனால் இருந்து கேட்டேன்: என்ன வகை, யார் செய்வார், பிழையாய்ப் போனால் என்ன ஆகும்? அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். எங்கள் நிறத் தோலில் அளவு கூடினால் கறுத்துப்போகும். தாடைக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் அடித்து ஒரு மாதம் பார்க்கலாம். குழி முழுதாகப் போகாது.

முழுதாகப் போகாது என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நாள் குறித்துக்கொண்டு வந்தேன். குறித்த நாளில் போய் அந்தச் சின்ன இடத்தில் மட்டும் லேசர் அடித்துக்கொண்டேன். தாடைக்குக் கீழே அந்த இடத்தை அம்மா தினமும் காலையில் யன்னலடியில் வைத்துப் பார்க்கிறார். மூன்று கிழமையாகிறது. இதுவரை கறுக்கவில்லை.