ஷண்ட் பண்ணிட்டாங்க

போன வாரம் பெங்களூர் ஆபீசிலிருந்து வந்த மகள், செருப்பைக் கழற்றும்போதே, "எங்க மேனேஜரை ஷண்ட் பண்ணிட்டாங்கம்மா" என்று சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சொல்லை நான் வாயில் எடுப்பதை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த காலம். ஆபீசுக்குள்ளேயே மிஷின் எண்ணெய் வாசனை அடிக்கும். எத்தனை சீயக்காய் தேய்த்தாலும் தலையை விட்டுப் போகாது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட மூக்கைச் சுளித்தார்கள், அது வேறு கதை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கிய எங்கள் கேண்டீனில் எல்லாருக்கும் பொதுவான சொல் ஒன்று இருந்தது. மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காதவரைப் பின்பக்கக் குடோனுக்கு மாற்றினால், 'ஷண்ட் பண்ணிட்டாங்க'. ரயில்பெட்டியைத் தள்ளிப்போய் ஓரத்துத் தண்டவாளத்தில் விடுவதிலிருந்து வந்தது என்று தெரியும். அதற்குமேல் யோசித்ததில்லை. மாற்றல் உத்தரவுகளை டைப் அடிப்பவளே நான்தான்; முதல் ஆளாகச் சேதி சொல்லிச் சிரிப்பதில் ஒரு பெருமை வேறு.

ஒருநாள் மாற்றல் உத்தரவில் ஸ்டெல்லாவின் பெயர் வந்தது. இரும்புத் தகடு அழுத்தும் பிரெஸ் பிரிவில் வேலை, தினமும் என்னோடு சாப்பிடுகிறவள். மிஷினுக்குள் கை போகாமல் தடுக்கும் மூடி உடைந்து கிடக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தாள். மத்தியானம் அவள் வந்து உட்கார்ந்ததுமே கேட்டேன்: "என்னடி, உன்னையும் ஷண்ட் பண்ணிட்டாங்களா?"

மேசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"எங்கப்பா ஷண்டிங்லதான்க்கா செத்தாரு. ரெண்டு பெட்டிய சேத்து மாட்டறதுதான் அவரு வேல. நடுவுல நின்னுட்டிருந்தாரு, இஞ்சின் தள்ளிட்டு வந்துடுச்சு."

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. பக்கத்திலிருந்த கன்னடக்காரப் பெண், "அய்யோ தேவரே" என்று கடவுளைக் கூப்பிட்டாள். எனக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தோன்றியதே பஸ் ஏறிய பிறகுதான்.

மறுநாள் கேட்டேன். "உனக்குத் தெரியாதில்லக்கா, விடு" என்றாள். பிறகு, "அந்த மூடிய மட்டும் மாட்டச் சொல்லு. நீ ஆபீசுலதான இருக்க."

மேலாளர் முன்னால் போய் நின்று சொன்னேன். பத்து நாளில் மூடி மாட்டினார்கள். ஸ்டெல்லாவைத் திரும்பக் கூப்பிடவில்லை. குடோனில் இரண்டு மாதம் இருந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். கேண்டீன் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அந்த மேசையில் சாப்பிட்டவர்கள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். ஸ்டெல்லா எங்கே இருக்கிறாள் என்று போய்க் கேட்க, இன்று ஓசூரில் எனக்கு ஒரு ஆள் இல்லை.