நான் எழுதிய ஐந்தாவது கருத்து

அன்பிய உறவுகளே, நான் எழுதிய ஒரு வரியால் ஒரு மனிதர் நடுத்தெருவில் சாகக் கிடந்தார். ஆண்டவர் அவரைக் காப்பாற்றினார். அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்துக்கு நான் செயலாளர். அக்டோபர் முழுவதும் மாதா சுரூபம், அதாவது மாதாவின் சிலை, வீடு வீடாகப் போகும். அன்று எவற்றுக்காகச் செபிக்கிறோம் என்ற கருத்துகளைக் காலையிலேயே வாட்ஸ்அப்பில் போடுவது என் வேலை. அந்தச் சனிக்கிழமை, அழுகிற குழந்தையோடு ஒரு வடநாட்டு ஆள் அலைவதாக யாரோ சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. ஐந்தாவது கருத்தாகச் சேர்த்தேன்: "நம் பகுதியில் திரியும் பிள்ளை பிடிப்பவர்களிடமிருந்து குழந்தைகளைக் காக்கச் செபிப்போம்." மதியத்துக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது.

மாலை ஐந்தே முக்கால். ரெஜினா அக்காவும் நானும் சுரூபத்தை எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தோம். தெருமுனையில் பத்துப் பதினைந்து பேர் ஒருவரை மிதித்துக்கொண்டிருந்தார்கள். வாயிலிருந்து ரத்தத்தோடு பல் விழுந்தது. பக்கத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. ஆட்டோ ஓட்டும் பிரகாஷ் கையில் இரும்புக் கம்பி.

"நீ வூட்டுக்குப் போக்கா. புள்ள புடிக்கிறவன். வாட்ஸ்அப்லயே வந்துகீது, பாரு."

போனை நீட்டினார். என் வரி. செபிப்போம் என்ற சொல் மட்டும் காணாமல் போயிருந்தது.

ஓடிவிடத்தான் தோன்றியது. சொன்னால் என்னையும் அடிப்பார்கள். "மாதாவே, என் வாயைத் திற" என்று மட்டும் கேட்டேன். சுரூபத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு அடிபட்டுக் கிடந்தவர்மேல் குப்புற விழுந்தேன். அடுத்த அடி என் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"எங்க செபத்துக்கு அத எழுதினது நான், பிரகாஷ். நான் எதையும் பாக்கல. பொய்."

"இன்னாக்கா, செபத்துல பொய் எழுதுவியா?"

"எழுதிட்டேன். அடிக்கணும்னா என்னை அடி."

கம்பி கீழே விழுந்தது. ரெஜினா அக்கா சுரூபத்தைத் தரையில் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கினார்.

"உடம்பு கொதிக்குது. பெத்த புள்ளைய டாக்டர்கிட்ட காட்ட அலைஞ்சிருக்கான், பாவிகளா."

பிரகாஷின் ஆட்டோவில்தான் மருத்துவமனைக்குப் போனோம். அடிபட்டவர் பெயர் சுக்ராம். ஜார்க்கண்டிலிருந்து டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு வந்தவர். ஒன்பது நாள் நினைவில்லை. ஒன்பது நாளும் வராந்தாவில் செபமாலை சொன்னோம். பத்தாம் நாள் காலை கண் திறந்தார். ஒரு கண்தான். மற்றது போய்விட்டது.

போலீசில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன், என் பெயரை முதலில் வைத்து. இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் சுக்ராமும் அவரோடு வேலை செய்பவர்களும் தங்கும் ஷெட்டுக்குப் போகிறோம். நோயென்றால் மருத்துவரிடம் கூடவே நிற்கிறோம்.

சுக்ராம் தேறியதும், தெரிந்த அரைகுறை இந்தியில் மன்னிப்புக் கேட்டேன். அவர் மகளைத் தூக்கி, கட்டுப் போட்ட என் தோளில் இடிக்காமல், என் மடியில் உட்கார வைத்தார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் பிழைக்க வந்திருப்பார். யாரேனும் அவர்மேல் கை ஓங்கும்போது, துணிவில்லை என்று ஒதுங்காதீர்கள். எனக்கும் இருக்கவில்லை. மாதாவிடம் கேட்டேன், ஆண்டவர் தந்தார்.