ஒட்டாமல் விட்ட படம்

மழை விட்ட காலையில் கடையைத் திறந்தேன். அலமாரியின் மேல்தட்டில் ஓர் ஓரம் நனைந்திருந்தது. வேறு புத்தகமாக இருந்தால் மனதைத் தேற்றியிருப்பேன். நனைந்தது ஆப்பிரிக்க மரவேலைப் புத்தகம்.

கன்னட நாட்டின் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் பழைய பேப்பர் வாங்குவதும் பைண்டிங் செய்வதும் என் தொழில். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அந்நாளைய சுரங்க அதிகாரிகளில் சிலர் ஆப்பிரிக்கச் சுரங்கங்களில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள். அவர்கள் பங்களாச் சாமான்களோடு அந்தப் பக்கத்துக் கூடை, முகமூடி, நெசவு பற்றிய படப் புத்தகங்களும் எடைக்கு வரும். காகிதக் கூழுக்கு அரைக்க அனுப்ப மனம் வராமல் சேர்க்க ஆரம்பித்தேன். படம் பார்க்கப் படிப்பு எதற்கு என்று நினைத்தேன்.

அந்தப் புத்தகங்களில் படங்களைத் தனியாக அச்சடித்து, மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டியிருப்பார்கள். நனைந்ததில் ஒரு படம் கழன்றுவிட்டது. பசைத் தடமும் கரைந்துபோயிருந்தது. படத்தில் ஒரு மரச் சாமான்: ஒரு முனையில் வளைந்த பலகை, மறுமுனையில் வட்டப் பலகை, நடுவே தண்டு. நிழல்கூட விழவில்லை. எது மேல், எது கீழ்? என் மைதா பசையில் ஒருமுறை ஒட்டினால் அவ்வளவுதான். பிரித்தால் படம் கிழியும்.

என் மனைவி யசோதரா எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். எதிர்ப்பக்கத்தை வாசித்தாள்.

"மரத்துல செதுக்குனதுன்னு போட்டுகீதுங்க. அவ்ளோதான்."

"அது எனக்கே தெரியுதே."

சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கும் டிம்பர்மேனாக இருந்தவர் ஆரோக்கியம் அண்ணன். அவரிடம் காட்டினேன்.

"இன்னாப்பா இது, ஸ்டூலு. வட்டமா கீறது மேல. அதுலதான் குந்தணும்."

"வளைஞ்ச பக்கம் கீழ இருந்தா ஆடாதாண்ணே?"

"ஆடட்டுமே. குந்தறவன் நீயா?"

பங்காருபேட்டையில் நர்சிங் படிக்கும் ஆப்பிரிக்கப் பெண் ஒருத்தி பழைய பாடப் புத்தகம் வாங்க வருவாள். கேட்கக் கூச்சப்பட்டு ஒரு முறை சும்மா அனுப்பிவிட்டேன். அடுத்த முறை யசோதரா, "நீங்க கேக்க மாட்டீங்க, நவுருங்க" என்று படத்தை அவளிடம் நீட்டினாள்.

அவள் சிரித்தாள். ஆங்கிலமும் அரைகுறைக் கன்னடமுமாக அவள் பேசியதை யசோதரா எனக்குச் சொன்னாள்.

"அவங்க பெரிய டவுன்ல வளந்தவங்களாம். இது எந்த நாட்டுதுன்னே தெரியலயாம். 'காஷ்மீர்க்காரங்க வீட்டு சாமானக் காட்டுனா அங்கிள் கரெக்டா சொல்வாரா'ன்னு கேக்கறாங்க."

நான் அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷமாக அந்தப் புத்தகங்களை ஒரே ஊர்க் கதைபோல ஒரே தட்டில் அடுக்கி வைத்திருந்தேன். எத்தனை நாடு, எத்தனை கை என்று யோசித்ததே இல்லை.

அன்று மாலை பசைக் கிண்ணத்தை எடுக்கவில்லை. போட்டோ ஆல்பத்தில் இருப்பதுபோல் காகிதத்தில் நான்கு மூலைகள் செய்து பக்கத்தில் ஒட்டினேன். படத்தை அவற்றில் செருகினேன். பைண்டிங் பழகும் தம்பிகளுக்கும் இதைத்தான் சொல்வேன்: நிச்சயமாகத் தெரிந்ததற்குப் பசை போடுங்கள். தெரியாததற்கு மூலை வையுங்கள்.

பிறகொரு நாள் அந்தப் பெண் தன் வகுப்புத் தோழியை அழைத்து வந்தாள். தோழிக்கு ஆப்பிரிக்காவில் வேறொரு நாடு. அவளுக்கும் அது என்னவென்று தெரியவில்லை. ஆனால் படத்தை மூலைகளிலிருந்து உருவி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியுமாகத் திருப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.