வாப்பா காப்பாற்றிய சோயாச் செடிகள்

பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்கு எனக்குக் கிடைத்தது சோயாச் செடியைப் பிடிக்கும் பங்கசுகள், அதாவது பூஞ்சைகள். வாடிப்போன செடிகளிலிருந்து நாலு வகையைப் பிரித்தெடுத்து வைத்திருந்தேன். செடியில் இருந்ததாலேயே ஒரு பங்கசு குற்றவாளி ஆகிவிடாது. சிலது சும்மா ஒட்டிக்கொண்டு, செத்ததைத் தின்று கிடக்கும். எது உண்மையில் கொல்கிறது என்று அறிய, நல்ல செடிகளுக்கு ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே கொடுத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கொடுமைக்குப் பெயர் விஞ்ஞானம்.

அந்த நேரம் பார்த்து வேலைநிறுத்தத்தால் வளாகத்தை மூடிவிட்டார்கள். மேற்பார்வையாளரிடம் கேட்டு, வேலையைக் குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு மாதத்துக்குள் முடிவு கொடுக்காவிட்டால், என் வகுப்பே பட்டம் வாங்க, நான் மட்டும் அடுத்த வருடம் நிற்க வேண்டும்.

மணலில் வேறு பங்கசு இருக்கக் கூடாது என்பதால் அதை முதலில் அவித்தாக வேண்டும். உம்மா கல்யாணச் சோறு ஆக்குகிற கிடாரத்தை எடுத்து அடுப்பில் வைத்தேன். பக்கத்து வீட்டுச் சாச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மகள் என்ன ஆக்குறா?"

"மண்ணு," என்றார் உம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"வெந்திட்டா?"

"இன்னும் கொஞ்சம் கெடக்கி."

மாலைக்குள் அந்தக் கதை மூன்று ஒழுங்கை தாண்டிவிட்டது.

இருபத்தைந்து சட்டி. ஒவ்வொரு பங்கசுக்கும் ஐந்து. மீதி ஐந்துக்கு ஒன்றும் இல்லை, அது ஒப்பிட்டுப் பார்க்க. செடிகள் எழும்பியதும் பங்கசுகளை இட்டேன். நாலாம் நாள், மூன்றாம் வகை இட்ட சட்டிகளில் தண்டின் அடியில் பஞ்சு மாதிரி வெள்ளை நூல் படர்ந்தது. இனி வாடினால் போதும். சந்தோஷத்தில் புத்தளம் டவுனுக்குப் போய் ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வந்தேன்.

வாப்பா வெங்காயமும் மிளகாயும் பயிர் செய்கிறவர். இலையில் ஒரு புள்ளி கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் பக்கத்தில் அடுத்த தோட்டக்காரர் மருந்தடித்தாலே போதும், நோய் வந்ததா என்று கேட்காமல் நாமும் அடித்துவிடுவோம். நான் திரும்பி வந்தபோது வாப்பா மருந்தடிக்கிற மெசினை முதுகில் போட்டபடி முற்றத்தில் நின்றார். இருபத்தைந்து சட்டியிலும் பங்கசைக் கொல்லும் மருந்து சொட்டியது.

"பயப்புடாத மகள். நல்ல மருந்து. ஒண்டும் சாகாது."

"சாகணும் வாப்பா. அதுக்குத்தானே வெச்சேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கெம்பஸ்ல இதையா படிப்பிக்கிறாங்க?"

"ஓம்."

எனக்கு வந்த கோபம் அழுகையாகத்தான் வந்தது. பட்டம் போனது போனதுதான் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். வாப்பா மெசினைக் கழற்றி அறைக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை உம்மாவிடம் கொடுத்தார். அடுத்த நாள் காலை எழும்பிப் பார்த்தால், கிடாரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் சாச்சி ஒன்றும் கேட்கவில்லை. வாப்பாவுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

மீதி விதையைப் போட்டு, மறுபடியும் பங்கசு இட்ட கையோடு வளாகம் திறந்துவிட்டது. நான் போக வேண்டியதாயிற்று. காவலுக்கு வாப்பாதான். தினமும் படம் அனுப்பினார். நான் வேண்டாம் என்று சொல்லியும் எல்லாப் படத்திலும் அவர் கட்டைவிரல் இருந்தது.

ஏழாம் நாள் ஆய்வுகூடத்தில் இருக்கும்போது அழைத்தார்.

"மகள், மூணாம் நம்பர் அஞ்சும் வாடிட்டு. ஒண்டு விழுந்தே கெடக்கி. மத்த இருவதும் நல்லா நிக்கிது." பிறகு மெல்லச் சொன்னார். "அல்ஹம்துலில்லாஹ்."

பின்னாலிருந்து உம்மாவின் குரல் கேட்டது. "பயிர் செத்ததுக்கா சொல்றீங்க?"

"ஓம்," என்றார் வாப்பா. "புள்ளைட பயிர் வெளஞ்சிட்டு."