ஓர் ‘ஓம்’ எடுப்பதற்காக

உயிர் நண்டு ஏற்றிப் போன லொறியில் குளிரூட்டி நின்றுவிட்டது என்று ஓட்டமாவடியிலிருந்து அழைப்பு வந்தபோது காலை ஏழரை மணி. வாவிக்கரையில் நண்டு பொதியிடும் நிலையம் ஒன்றில் நான் அப்போது உதவி முகாமையாளர். எங்கள் குடும்பத்தில் பாடசாலைக்குப் போய்ப் படித்து முடித்த முதல் ஆள். அந்தக் கதிரையில் இருப்பதில் எனக்குப் பெருமை இருந்தது. இன்றும் இருக்கிறது.

அன்று முதலாளி லீவு. கொழும்பில் அவருடைய மனைவிக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு அவவுக்குக் குரல் இருக்காது என்று டாக்டர்மார் சொல்லியிருந்தார்கள். எங்களிடம் முதலாளி சொன்னது வேறு.

“சின்ன ஒப்பரேஷன்தான் பிள்ள. ஃபோன் திறந்துதான் இரிக்கும். என்னண்டாலும் எடுங்க.”

எங்கள் நிலையத்தில் எதற்கும் அவரிடம் ‘ஓம்’ என்ற சம்மதம் எடுக்க வேண்டும். ஐஸ் வாங்க ஓம், பெட்டி மாற்ற ஓம். அவர் லீவு போட்டாலும் அந்த வழக்கத்துக்கு லீவு கிடையாது.

லொறிச் சாரதி அன்வர் நானா சொன்னார்: “தங்கச்சி, இஞ்ச நம்மட மச்சான்ட கூலர் லொறி சும்மா நிக்கிது. மாத்தி ஏத்திரவா?”

அதுதான் சரியான முடிவு. எனக்கும் தெரிந்தது.

“பொறுங்க நானா, முதலாளி சேரிட்ட ஒரு ஓம் எடுத்திட்டுச் சொல்றன்.”

“நண்டு சாகிறதுக்கு அவரிட்ட ஓம் கேக்காது தங்கச்சி.”

முதலாளி உடனே எடுத்தார். லொறி எப்படிப்பட்டது, எத்தனை பெட்டி, குளிர் எவ்வளவு என்று கேட்டார். என்னை லைனில் வைத்துக்கொண்டே நண்டு வாங்குகிறவரோடும் அன்வர் நானாவோடும் கதைத்தார். நாற்பது நிமிடம். கடைசியில், “ஓம், மாத்துங்க” என்றார். நண்டுகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன.

மூன்று கிழமை கழித்து அவர் வேலைக்கு வந்தார். அவர் மனைவி, அன்ரி, எப்படி என்று கேட்டேன்.

“உசிரோட இரிக்கா. குரல்தான் போயிற்று. நீ ஃபோன் எடுக்கக்க அவவுக்குப் பக்கத்திலதான் இருந்தன், பிள்ள. தியேட்டருக்குக் கொண்டுபோக ஒரு மணித்தியாலம் இரிக்கு எண்டாங்க. ஃபோனோட எழும்பினன். ‘கதைச்சிட்டு வாங்க’ எண்டா. சொன்ன நேரத்துக்கு முந்தியே கொண்டுபோயிட்டாங்க. வந்து பாக்கக்க வெறும் கட்டில்.”

என்னை மன்னிக்கச் சொன்னேன்.

“உன்ட பிழையில்ல. தெரிஞ்சதச் செய் எண்டு நான் ஒருநாளும் உனக்குச் சொல்லல்லையே.” பிறகு கேட்டார்: “உன்ட ஃபோனில அவட வொய்ஸ் ஏதும் கிடக்கா? என்டதில வியாபாரிமார்ட சத்தம்தான்.”

தேடிப் பார்த்தேன். இல்லை.

இன்று அந்த நிலையத்துக்கு நான் முகாமையாளர். தொழில் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். லீவில் போனால் முழுதாகப் போங்கள். முடிவெடுக்கும் உரிமையை வேலையில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நிற்பவர்களுக்கும் ஒன்று உண்டு. அன்று நான் ஓம் கேட்டது பணிவால் அல்ல. படித்தவள் பிழைவிட்டுவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்ற பயம். என் பெயருக்கு ஒரு குறையும் வரவில்லை. அந்த நாற்பது நிமிடம் அவர்கள் இருவருக்கும் இல்லாமல் போனது.