மாமா பார்த்துவந்த எடின்பரோ

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருகிற ஆள் நான். பனியன் கம்பெனியில் ஒரு பீஸைச் செக்கிங் முடித்துப் போட்ட பிறகும், அதையே எடுத்து இன்னொரு தடவை பார்ப்பேன். பக்கத்து மேசைக்காரி சிரிப்பாள். இந்தப் பயம் பிறவியிலேயே கூட வந்தது என்று வீட்டில் எல்லாரும் நினைக்கிறார்கள். பாதி அப்படித்தான். மீதிப் பாதிக்கு ஒரு மின்விசிறி காரணம்.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டினார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடுதான் இருந்தார். பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் இன்சார்ஜ். முப்பது தாண்டியும் அவருக்குப் பெண் அமையவில்லை. காடு தோட்டமும் இல்லை, சொந்த வீடும் இல்லை. பெண் கேட்டுப் போன இடங்களிலெல்லாம் காபி கொடுத்து, ரொம்ப மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த வருடம் மாமாவின் கம்பெனிக்கு எடின்பரோவிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. ஸ்காட்லாந்தில் இருக்கிற பழைய ஊர் அது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஞாபகத்துக்கு வாங்கிப்போகிற டி-சர்ட்டுகள். மொத்தம் நாலு படம்: பாறை உச்சியில் ஒரு கோட்டை, ஒரு பீரங்கி, ஒரு குட்டை நாய், ஒரு மலை. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி அட்டை. அதில் அந்த இடத்தின் கதை இங்கிலீஷில் அச்சாகியிருக்கும். அட்டையை நூல்போட்டுச் சட்டையின் கழுத்தில் கட்ட வேண்டும்.

இதைக் கம்பெனிக்குள்ளேயேதான் செய்ய வேண்டும், வீடுகளுக்குக் கொடுக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகள் கை படவே கூடாது என்பது வெளிநாட்டுக்காரர்களின் கண்டிப்பு. ஆனால் லோடு ஏற்றுகிற நாள் நெருங்கிவிட்டது, ஆள் போதவில்லை. அக்காளுக்கும் ஒரு வருமானமாக இருக்கட்டும் என்று மாமா கட்டுக் கட்டாகச் சட்டைகளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் உட்கார்ந்துவிடுவேன். அம்மா ஒரு முடிச்சோடு நிறுத்துவாள். எனக்கு அது போதாது. அவிழ்ந்துவிட்டால்? அதன் மேலேயே இன்னொரு முடிச்சும் போட்டு இழுத்துப் பார்ப்பேன். மாமா பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஏங் கண்ணு, இந்த முடிச்ச அவுக்கறதுக்குன்னே அந்தூர்ல ஒரு ஆள வெக்கோணுமாட்ட இருக்குது."

நாலு அட்டைகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் இங்கிலீஷ் டீச்சரிடம் காட்டி அர்த்தம் கேட்டேன். கோட்டையிலிருந்து தினமும் மதியம் ஒரு மணிக்குப் பீரங்கி போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. எசமான் செத்த பிறகு அவருடைய குழிமேட்டை விட்டு நகராமல் வருடக்கணக்கில் காத்துக்கிடந்தது அந்த நாய்; அதற்குத் தெருமுனையில் சிலை வைத்திருக்கிறார்கள். மலை ஒரு காலத்தில் நெருப்பைக் கக்கி அணைந்துபோனது. மேலே ஏறினால் ஊரும் தெரியும், கடலும் தெரியும். எனக்கு நாயைத்தான் பிடித்தது. வீட்டில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

படம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சட்டைகளைப் படம் உள்பக்கம் வரும்படி மடித்திருப்பார்கள். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எந்தக் கட்டில் எந்தப் படம் என்று மேலே வைத்திருக்கும் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். மடிப்பைப் பிரிக்கவே கூடாது என்று மாமா சொல்லியிருந்தார். பிரித்தால் மறுபடியும் அயர்ன் மேசைக்குப் போக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கரண்ட் இல்லை. நான் தனியாக உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கரண்ட் வந்து தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. இரண்டு கட்டுகளின் சீட்டும் பறந்து கதவோரம் போய் விழுந்தன. ஒன்று கோட்டை, ஒன்று நாய். எது எதன் மேல் இருந்தது?

ஒரே ஒரு சட்டையைப் பிரித்துப் பார்த்திருந்தால் தீர்ந்தது. பிரித்தால் திட்டுவார்கள் என்று பயம். மாமாவிடம் கேட்கலாம். கேட்டால், ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்பார் என்று அதற்கும் பயம். இடது பக்கம் கோட்டை, வலது பக்கம் நாய் என்று நானே முடிவுசெய்து சீட்டை வைத்தேன். பிறகு அந்த இரண்டு கட்டுகளுக்கும் யாரையும் தொடவிடாமல் நானே அட்டை கட்டினேன். ஒவ்வொன்றுக்கும் இரட்டை முடிச்சு, இழுத்துப் பார்த்து. அதிலெல்லாம் நான் ரொம்பச் சுத்தம்.

லோடு போய்விட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் மாமாவின் சைக்கிள் சத்தம் கேட்டால் புத்தகத்தை எடுத்து விரித்துக்கொள்வேன். மாமா வருவார், சாப்பிடுவார், டி.வி. பார்ப்பார். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, நான் வைத்தது சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று நம்ப ஆரம்பித்தேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள் மாமா வந்து, கம்பெனி வேலையாக எடின்பரோவுக்குப் போகிறேன் என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. லைன் வீடுகளிலிருந்து எல்லாரும் வந்து பார்த்தார்கள். முதலாளியின் கார் வந்து மாமாவைக் கோயமுத்தூர் விமானத்துக்கு ஏற்றிப்போனது. அப்பா அதுவரை மாமாவை அப்படி நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. காரில் ஏறும்போது மாமா என் தலையில் கை வைத்தார்.

"உன்ற நாயப் பாத்துட்டு வாறேன் கண்ணு."

பத்து நாளில் திரும்பினார். கை விரல்களில் வெட்டுக்காயம் போலக் கோடு கோடாக இருந்தது. குளிரில் வெடித்தது என்றார். எனக்குச் சாக்லேட் வாங்கிவந்திருந்தார். சுற்றிலும் உட்கார்ந்து ஊரைப் பற்றிக் கேட்டார்கள். கோட்டையைச் சொன்னார், பீரங்கியைச் சொன்னார், நாயைச் சொன்னார், மலையைச் சொன்னார். அழகாகத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் இன்னொருவர் வந்து கேட்டபோதும் அந்த நாலுதான். அதற்கு மறுநாளும் நாலுதான். ஐந்தாவதாக ஒரு கடையோ, ஒரு தெருவோ, ஒரு மனுஷனோ வரவே இல்லை. டீச்சர் எனக்குப் படித்துச் சொன்னதற்கு மேல் ஒரு வரி இல்லை.

அதற்குப் பிறகு எனக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. மாமா பொய் சொல்கிறார். பொய் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

வெளிநாடு போய்வந்த மாப்பிள்ளை என்று பேச்சுப் பரவியதும் சேவூரிலிருந்து ஒரு இடம் தானாகத் தேடி வந்தது. பெண்ணுக்கு மாமாவைப் பிடித்துப்போய், வீடு பார்க்கப் பெண்ணின் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். அம்மா விடிகாலையிலேயே வாசல் கழுவினாள். எனக்குத் தீபாவளிப் பாவாடை. அந்த அத்தை நன்றாகச் சிரிக்கிறவர்.

"ஏனுங்க மாப்பள, சீமையில என்னென்ன பாத்தீங்க, சொல்லுங்க கேக்கலாம். நாங்க பாத்த சீமை உடுமலைதானுங்க."

மாமா சொன்னார். நாய்க் கதைக்கு அத்தை உச்சுக்கொட்டினார். "எங்கூட்டு நாயி, நா செத்தா சோத்துக்குப் பக்கத்தூட்டுக்குப் போயிருமுங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். பெண்ணின் அப்பாவும் கேட்டார்.

"அந்தப் பீரங்கிச் சத்தத்த நீங்களே கேட்டீங்களா?"

"கேட்டேனுங்க. ஞாயித்துக்கெழம ஒரு நாளு லீவுங்க. அன்னிக்குத்தான் போனேன்."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஞாயித்துக்கெழம போட மாட்டாங்க மாமா. அட்டையில எழுதியிருக்குது."

மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "எனக்கோசரம் அன்னிக்கு ஒண்ணு சேத்திப் போட்டாங்க கண்ணு."

மறுபடியும் சிரிப்பு. அதோடு விட்டிருக்கலாம். இன்றைக்கும் அந்த இடத்துக்கு வரும்போது, விடு, உட்கார் என்று என்னை நானே பிடித்து இழுக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் கணக்கு வேறு. கல்யாணம் முடிந்து இவர்கள் கண்டுபிடித்தால் மாமாவுக்குப் பெரிய அவமானம், இப்போதே சொல்லிவிட்டால் சின்ன அவமானம். அவரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். கட்டிலுக்கு அடியில் மாமாவின் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய அட்டைகள் இருந்ததை ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஓடிப்போய் எடுத்துவந்து பாய் மேல் கொட்டினேன்.

"மாமா சொன்னதெல்லாம் அட்டையில இருக்கறதுதான். டீச்சர் எனக்குப் படிச்சுச் சொன்னாங்க. மாமா ஒண்ணுமே பாக்கல."

பெண்ணின் அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா மறுத்து ஏதாவது சொல்வார் என்று அவர் காத்திருந்தது எனக்கே தெரிந்தது. மாமா பாயில் கிடந்த அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரீங்க. போயிட்டுத் தகவல் சொல்லி உடறோமுங்க" என்று பெண்ணின் அப்பா எழுந்தார். அத்தையின் டம்ளரில் பாதிக் காபி இருந்தது. வாசல் வரை போய்க் கும்பிட்டுத்தான் போனார்கள். தகவல் வரவில்லை.

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். மாமா நடுவில் வந்து தடுத்தார்.

"உடுக்கா. புள்ள பொய்யா சொல்லுச்சு?"

பிறகு குனிந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டார். நான் உதவப் போனேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த வருடமே மாமா கம்பெனியை விட்டு உடுமலைக்குத் தேங்காய் மண்டி வேலைக்குப் போய்விட்டார். அதன் பிறகு வந்த இரண்டு இடங்களும் நழுவின. அப்புறம் அவரே வேண்டாம் என்றுவிட்டார். பொங்கலுக்கு வருவார், தேங்காய் கொண்டுவருவார், ஒரு நாள் இருந்துவிட்டுப் போவார்.

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தி நானும் அதே கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே மாமாவோடு பேக்கிங்கில் இருந்த அக்கா ஒருத்தி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

"உங்க மாமா மாதிரி ஒரு மனுசன் கெடையாது தாயி. கோட்டைச் சட்டையில நாய் அட்டை, நாய்ச் சட்டையில கோட்டை அட்டை. பெட்டிய ஒடச்சுப் பாத்துட்டு அந்தக் கடைக்காரன் ஒரே சத்தம். ஆளு வந்து மாத்திக் குடு, இல்லன்னா எல்லாத்தையும் திருப்பி அனுப்புதேன்னுட்டான். யாரு கட்டுனதுன்னு மொதலாளி கேக்காரு. நாந்தாங்கன்னு உங்க மாமா ஒத்த வார்த்த. எட்டு நாளு ஒரு குடோனுக்குள்ள நின்னு, எல்லாப் பெட்டியயும் ஒடச்சுத் தேடி, வெட்டி வெட்டிப் புது அட்டை கட்டிருக்காரு. கோட்டை தெரிஞ்சுதாண்ணேன்னு கேட்டேன். மழையா இருந்துச்சும்மாங்காரு. ஒரு நாள் மதியம் டொம்முன்னு ஒரு சத்தம் கேட்டுச்சாம். அது பீரங்கியா, குடோன் கதவான்னு தெரியலன்னாரு."

நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன்.

அடுத்த பொங்கலுக்கு மாமா வந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். தேங்காய் விலையைக் கேட்டேன். அவர் சொன்னார். அதற்கடுத்த பொங்கலிலும் தேங்காய் விலைதான்.

அன்றைக்குப் பாயில் கொட்டிய அட்டைகள் மட்டும் அடிக்கடி கண்ணில் வருகின்றன. நாலு படம் கொண்ட ஆர்டரில், அந்தப் பைக்குள் கோட்டையும் நாயும் மட்டும்தான் இருந்தன. பீரங்கியும் இல்லை, மலையும் இல்லை. எல்லாவற்றிலும் நூலைக் கத்தரியால் வெட்டியிருந்தது. ஆனால் முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. ஒரு முடிச்சு, அதன் மேலேயே இன்னொன்று. அந்தக் கம்பெனியில் அப்படிக் கட்டுகிறவர்கள் யாரும் இல்லை. மாமா குனிந்து பொறுக்கும்போது ஒரு அட்டையை மட்டும் எடுத்து, முடிச்சைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். எதற்கு அதைப் போய்த் தடவுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.